மலைக்குச் சுமக்கும் ரைஃபிளுக்கு மசில் பிரேக்: எஃகா, டைட்டானியமா?

கால்கரி_மலைநடை:

எல்லோருக்கும் வணக்கம். நான் கனடாவில், அல்பேர்ட்டாவில் இருக்கிறேன். என்னிடம் .300 வின்செஸ்டர் மேக்னம் துவக்கு ஒன்று இருக்கிறது. போல்ட் ஆக்‌ஷன், கார்பன் நார்ப் பிடி, மெல்லிய குழல். ஸ்கோப்போடு சேர்த்து மூன்றரைக் கிலோ. பிக்ஹார்ன் செம்மறி வேட்டைக்காகத்தான் இவ்வளவு இலேசாக எடுத்தேன். செப்டம்பரில் முதுகுப் பையோடு மலை ஏறும்போது ஒவ்வொரு நூறு கிராமும் தெரியும்.

பிரச்சினை உதைதான். மேசையில் வைத்து, குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்யும் (ஜீரோ செய்யும்) நாட்களில், நாலைந்து தோட்டாக்களுக்கு மேல் நிதானமாகச் சுட முடியவில்லை. சத்தத்தையும் உதையையும் அடக்கும் சப்ரஸர் இங்கே தடைசெய்யப்பட்ட சாதனம். அதனால் குழல் முனையில் மாட்டி வாயுவைத் திருப்பிவிடும் மசில் பிரேக் ஒன்றே வழி.

கடையில் ஒரே வடிவத்தில் இரண்டு பார்த்தேன். ஒன்று எஃகு, மற்றது டைட்டானியம். டைட்டானியத்தின் விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. கடைக்காரர் மூன்று காரணம் சொன்னார்: டைட்டானியம் எஃகைவிட வலிமையானது, உதையை இன்னும் கூடுதலாகக் குறைக்கும், ஆயுளும் அதிகம். இதில் எது உண்மை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டெக்சஸ்_நெடுந்தூரம்:

எஃகை வாங்குங்கள் நண்பரே. மிச்சக் காசுக்குத் தோட்டா வாங்கிப் பயிற்சி எடுங்கள்.

நான் பிஆர்எஸ் (பிரிசிஷன் ரைஃபிள் சீரிஸ்) என்ற நெடுந்தூரத் துல்லியச் சுடும் போட்டிகளில் சுடுகிறேன். அங்கே மசில் பிரேக் இல்லாத துப்பாக்கியைப் பார்ப்பதே அரிது, ஆனால் டைட்டானியம் பிரேக்கை யாரும் தேடுவதில்லை. எங்கள் துப்பாக்கிகள் 9, 10 கிலோ. 6 மில்லிமீட்டர் குண்டு, சின்னத் தோட்டா. அதற்கு மேலும் குழல் முனையில் எடை வேண்டும் என்றுதான் பிரேக்கைக் கனமாகப் பார்த்து எடுக்கிறோம். எடை இருந்தால் துப்பாக்கி மணல் பை மேல் அசையாமல் நிற்கும், சுட்ட குண்டு எங்கே விழுந்தது என்று நம் கண்ணாலேயே ஸ்கோப் வழியாகப் பார்த்து அடுத்ததைத் திருத்தலாம். ஒன்றரை நிமிடத்தில் பத்துக் குண்டு போகும்போது பிரேக் தொட முடியாத அளவுக்குச் சுடும். அந்தச் சூட்டை எஃகு கேள்வி கேட்காமல் தாங்குகிறது.

மூன்றாம்விதி:

மலைநடை, முதலில் உதை விஷயத்தைத் தீர்த்துவிடுவோம். கடைக்காரர் சொன்ன மூன்றில் இது முழுக்கத் தவறு.

துப்பாக்கியின் உதை இரண்டு இடத்திலிருந்து வருகிறது. ஒன்று குண்டு முன்னால் போவதால். இன்னொன்று, குண்டுக்குப் பின்னால் எரிந்த மருந்து வாயுவாகி முனை வழியே பீறிட்டுப் போவதால். உங்கள் .300 வின் மேக்கில் 180 கிரெய்ன் குண்டு, அதாவது சுமார் 11.7 கிராம், வினாடிக்கு 900 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். உந்தம் 10.5 கிலோகிராம்-மீட்டர்/வினாடி. மருந்து 70 கிரெய்ன், சுமார் 4.5 கிராம். உதைக் கணக்கில் இந்த வாயுவின் வேகத்தைக் குண்டின் வேகத்தைப் போல 1.75 மடங்கு என்று எடுப்பது வழக்கம். அப்படிப் பார்த்தால் வாயுவின் பங்கு மட்டும் 7.1. மொத்தம் 17.6-இல் நாற்பது சதவீதம் வாயுவுடையது.

மசில் பிரேக் பிடிப்பது இந்த நாற்பதைத்தான். நேரே முன்னால் போக வேண்டிய வாயுவைத் தடுத்துப் பக்கவாட்டில் திருப்புகிறது. அந்தத் தடுப்புச் சுவரில் வாயு மோதும்போது துப்பாக்கி முன்னோக்கி இழுபடுகிறது. துளைகள் கொஞ்சம் பின்னோக்கிச் சாய்ந்திருந்தால் இழுப்பு இன்னும் கூடும். இதில் வேலை செய்வதெல்லாம் வடிவம்: எத்தனை அறை, சுவரின் பரப்பு எவ்வளவு, குண்டு போகும் துளைக்கும் குண்டுக்கும் இடைவெளி எவ்வளவு. சுவர் எந்த உலோகம் என்று வாயுவுக்குத் தெரியாது.

சொல்லப்போனால் டைட்டானியத்தில் உதை ஒரு துளி கூடத்தான் செய்யும், ஏனென்றால் துப்பாக்கியின் மொத்த எடை குறைகிறது. பிரேக்கின் இழுப்பைச் சேர்க்காமல் கணக்குப் போட்டால், மூன்றரைக் கிலோவில் உதை ஆற்றல் 44 ஜூல் சொச்சம். எடை 50 கிராம் கூடினால் 43.6. வித்தியாசம் ஒரு ஜூல்கூட இல்லை. உங்கள் தோளுக்கு அது தெரியப்போவதில்லை. ஆகவே உதையை வைத்து உலோகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

இன்னொன்று. மருந்து அதிகமாக இருக்கும் தோட்டாக்களில்தான் பிரேக்கின் பலன் பெரிதாகத் தெரியும். மருந்து குறைந்த 6.5 கிரீட்மோர் தோட்டாவில் வாயுவின் பங்கு மூன்றில் ஒன்றுதான். உங்கள் மேக்னத்தில் பிரேக் போட்ட முதல் நாளே வித்தியாசம் தெரியும்.

கோவை_கடைசல்:

வலிமை பற்றி நான் சொல்கிறேன். கோயம்புத்தூர்ப் பக்கம் கடைசல் பட்டறை வைத்திருக்கிறேன். துப்பாக்கி உதிரிபாகம் எதுவும் நாங்கள் செய்வதில்லை. விமான பாகங்களுக்கு டைட்டானியம் கடைவதுதான் தொழில். இந்த உலோகத்தோடு தினமும் மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

'டைட்டானியம் எஃகைவிட வலிமை' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் அது விளம்பரம். எந்த டைட்டானியம், எந்த எஃகு என்று கேட்க வேண்டும். நல்ல பிரேக்குகளில் வருவது கிரேடு 5. அதாவது 6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம் கலந்தது. அதன் இழுவலிமை 900 மெகாபாஸ்கலுக்குக் கொஞ்சம் மேலே. எஃகு பிரேக்குகளில் அடிக்கடி வரும் 17-4 பிஹெச் துருப்பிடிக்கா எஃகை நன்றாகச் சூடாக்கிப் பதப்படுத்தினால் 1,300 மெகாபாஸ்கல் வரை போகும். அப்போது எஃகுதான் பலசாலி.

டைட்டானியத்தின் பெருமை எடையில் இருக்கிறது. ஒரு கன சென்டிமீட்டர் கிரேடு 5 எடை 4.43 கிராம். எஃகு 7.8. ஒரே வடிவத்தில் இரண்டையும் செய்தால் எஃகில் 100 கிராம் வரும் பிரேக், டைட்டானியத்தில் 57 கிராம்தான். அந்த 43 கிராமுக்குத்தான் நீங்கள் இரட்டை விலை கொடுக்கிறீர்கள். அது உங்களுக்கு வேண்டுமா என்பதே கேள்வி.

விலை ஏன் இவ்வளவு என்றும் சொல்லிவிடுகிறேன், கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம். டைட்டானியத் தாது அபூர்வமே இல்லை. மணவாளக்குறிச்சிக் கடற்கரைக் கருமணலில் இல்மனைட் குவிந்து கிடக்கிறது, கேரளத்தின் சவறாவிலும் அப்படித்தான். அதை உலோகமாக்குவதுதான் பெரும்பாடு. குளோரினோடு சேர்த்து ஆவியாக்கி, பிறகு மக்னீசியத்தால் பிரித்தெடுத்து, பஞ்சு போன்ற கட்டியாக வருவதை வெற்றிடத்தில் உருக்க வேண்டும். அப்புறம் எங்கள் பட்டறைக்கு வந்தால் இன்னொரு கதை. டைட்டானியம் வெப்பத்தைக் கடத்தவே கடத்தாது. எஃகைச் சீவும்போது சூடு சீவலோடும் உருப்படியோடும் போய்விடும். இதில் அத்தனை சூடும் வெட்டும் இன்சர்ட்டின் முனையில் உட்கார்ந்துகொள்ளும். வேகத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, கூலண்டை அருவி போலக் கொட்டித்தான் ஓட்ட வேண்டும். மெல்லிய சீவல் குவிந்திருந்து தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, உலோகத் தீக்கென்று தனி அணைப்பான் இருக்கிறது. இதெல்லாம் சேர்ந்துதான் விலை.

சமவெளி_சஸ்கட்சுவான்:

ஆயுள் பற்றி என் அனுபவம். எனக்கும் இரண்டு வகையான சுடுதல் உண்டு. ஒன்று நவம்பரில் மான் வேட்டை. மற்றது கோடையில் பண்ணை வயல்களில் கோபர் எலி சுடுவது. எலிகள் வயலெல்லாம் குழி பறித்து மாட்டின் காலை ஒடித்துவிடும் என்று பண்ணைக்காரர்களே கூப்பிடுவார்கள். அங்கே காலையில் ஆரம்பித்தால் மதியத்துக்குள் நூற்றுக்கணக்கில் தோட்டா போகும்.

.22-250 துப்பாக்கியில் டைட்டானியம் பிரேக் போட்டு இரண்டு கோடை ஓட்டினேன். கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், வெளியே அழகாக நீலமும் ஊதாவுமாக நிறம் ஏறியிருந்தது. உள்ளேதான் விஷயம். குழலை ஒட்டிய முதல் அறையின் முன்சுவர், குண்டு நுழையும் துளையைச் சுற்றி, மணலடித்தது போலச் சொரசொரப்பாக இருந்தது. துளையின் ஓரம் கூர்மை போய் உருண்டிருந்தது. இரண்டாவது அறையில் பாதிதான் தேய்மானம். மூன்றாவது அறை புதிது போலவே இருந்தது. அதே அளவுக்கு உழைத்த என் எஃகு பிரேக்கில் முதல் சுவரில் கரி கெட்டியாகப் படிந்திருக்கிறது. சுரண்டினால் அடியில் கடைசல் கோடுகள் இன்னும் தெரிகின்றன.

அந்தி நேரத்தில் சுட்டால் டைட்டானியத்திலிருந்து வெள்ளைப் பொறி பறப்பதையும் பார்த்திருக்கிறேன். ஆகஸ்டில் காய்ந்த புல்லுக்கு நடுவில் படுத்துக்கொண்டு அதைப் பார்ப்பது நல்ல உணர்வு இல்லை.

கோவை_கடைசல்:

சமவெளி அண்ணா சொல்வது அப்படியே பொருந்துகிறது. எரிந்து முடியாத மருந்துத் துகள்கள் வாயுவோடு வந்து முதல் சுவரில் அறைகின்றன. அந்த நேரத்தில் சுவரின் மேற்பரப்பு எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

இங்கே ஒரு பெரிய குழப்பம் உண்டு. டைட்டானியத்தின் உருகுநிலை எஃகைவிட அதிகம், 1,600 டிகிரிக்கு மேல். அதை வைத்துக்கொண்டு 'சூட்டை நன்றாகத் தாங்கும்' என்று விற்கிறார்கள். ஆனால் உருகுவதற்கு ரொம்ப முன்னாலேயே அது தளர்ந்துவிடும். கிரேடு 5-ஐ 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் தொடர்ந்து வேலை செய்யும் பாகத்துக்குப் பொதுவாக யாரும் போட மாட்டார்கள். அதோடு வெப்பத்தையும் கடத்தாது என்றேன் அல்லவா? குழல் எஃகான 4140-இன் கடத்துதிறனில் ஆறில் ஒரு பங்குதான். சுவரின் தோல் மட்டும் கொதிக்கும், சூடு உள்ளே போய்ப் பரவாது. தளர்ந்த தோலில் துகள் அறைந்தால் பொடி கழன்று வரும். அந்தப் பொடி காற்றில் பட்டு எரிவதுதான் வெள்ளைப் பொறி.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வேட்டையில் ஒரு நாளுக்கு ஒன்று, இரண்டு தோட்டா. பிரேக் வெதுவெதுப்பாகக்கூட ஆகாது. மலைநடை சொல்கிற உபயோகத்துக்கு இந்தத் தேய்மானம் ஒரு பொருட்டே இல்லை.

டெக்சஸ்_நெடுந்தூரம்:

அதைத்தான் நானும் சொன்னேன். தேய்கிறது, விலை இரட்டிப்பு, உதையும் குறையாது. பிறகு 43 கிராமுக்காக ஏன் டைட்டானியம்? காலையில் ஒரு வாய் தண்ணீர் குறைவாக எடுத்துக்கொண்டால் சரியாகிவிடுமே.

தெற்குத்தீவு:

அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. முதுகுப் பையில் இருக்கும் 43 கிராமும் குழல் முனையில் இருக்கும் 43 கிராமும் ஒன்றல்ல.

நான் நியூசிலாந்தின் தெற்குத் தீவில் இருக்கிறேன். இங்கே நாங்கள் சுடுவது இமாலய வரையாடு. 1904-இல் கொண்டுவந்து விட்டது, பனிமலைச் செடிகளையெல்லாம் தின்று பெருகிவிட்டது. அரசே எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்கிறது. நீலகிரி வரையாட்டைக் காப்பாற்ற அங்கே தமிழ்நாட்டில் அவ்வளவு பாடுபடுகிறார்கள், அதன் உறவுக்கார ஆட்டை இங்கே குறைக்கப் பாடுபடுகிறோம். அது இருக்கட்டும். அந்த ஆடு நிற்கும் இடத்தில் மேசையும் கிடையாது, மணல் பையும் கிடையாது. பாறை இடுக்கில் ஒரு முழங்காலை ஊன்றி, பையின் மேல் துப்பாக்கியைச் சாய்த்துச் சுட வேண்டும். பிடியிலிருந்து அறுபது, எழுபது சென்டிமீட்டர் தள்ளி முனையில் எடை தொங்கினால், மெல்லிய குழல் உள்ள துப்பாக்கி முன்னால் மூக்கைக் குத்திக்கொண்டே இருக்கும். தோளில் மாட்டி நடக்கும்போதும் குழல் பக்கமாகச் சரியும்.

டெக்சஸ் நண்பர் பத்துக் கிலோ துப்பாக்கிக்கு முன்பாரம் தேடுகிறார், அது அவர் விளையாட்டுக்குச் சரி. மூன்றரைக் கிலோ மலைத் துப்பாக்கியில் எடை குறைக்கப் பிடி, போல்ட், ஸ்கோப் வளையம் எல்லாவற்றுக்கும் காசு கொடுத்துவிட்டு, முனையில் மட்டும் எஃகுக் கட்டியை மாட்டினால், முதலில் கொடுத்த காசு வீண்.

அப்புறம் துரு. எங்கள் மேற்குக் கரையில் மழை ஓயாது. கரி படிந்த பிரேக் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். 4140 போன்ற குறோம்-மாலி எஃகு பிரேக் என்றால் கூடாரத்தில் இரண்டு இரவு கிடந்தாலே சிவந்துவிடும். துருப்பிடிக்கா எஃகில்கூட 416 வகை புள்ளி புள்ளியாகப் பிடிக்கும். டைட்டானியத்தில் இந்தக் கவலையே இல்லை. இங்கே சப்ரஸருக்கு அனுமதி தேவையில்லை, அதனால் பெரும்பாலோர் பிரேக்குக்குப் பதில் அதைத்தான் போடுகிறார்கள். அதிலும் மலைக்குப் போகிறவர்கள் டைட்டானியம் தேடுவது இதே காரணங்களுக்காகத்தான்.

டெக்சஸ்_நெடுந்தூரம்:

முன்பாரம் பற்றிச் சொன்னது நியாயம். நான் கைத்தாங்கலில் சுடுவதையே மறந்து ரொம்ப நாளாகிவிட்டது. ஆனால் ஒரு விஷயம் இன்னும் உறுத்துகிறது. எஃகுக் குழலில் டைட்டானியம் பிரேக். இரண்டும் சூட்டில் ஒரே அளவு விரியாது. கழன்று வராதா? இங்கே ஒருவருக்குச் சுட்டுக்கொண்டிருக்கும்போதே பிரேக் திரும்பிவிட்டது. சப்ரஸர் பேச்சு வந்ததால் சொல்கிறேன்: இங்கே அமெரிக்காவில் 1934 துப்பாக்கிச் சட்டப்படியான 200 டாலர் வரி, 2026 ஜனவரி 1 முதல் சப்ரஸருக்குப் பூஜ்யம். பதிவு செய்வது மட்டும் அப்படியே இருக்கிறது. வேட்டைக்குப் போகிறவர்கள் பலர் இனி பிரேக் பக்கமே வர மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

நெறியாளர்:

சப்ரஸர் பற்றிய பேச்சு சட்டம், உபயோகம் அளவில் நிற்கட்டும். செய்முறை பற்றிய கேள்விகளும் பதில்களும் இங்கே நீக்கப்படும். அவரவர் நாட்டுச் சட்டத்தை அவரவர் பார்த்துக்கொள்ளுங்கள். தொடருங்கள்.

மூன்றாம்விதி:

கழன்று வருமா என்ற கேள்வி நல்ல கேள்வி, பதில் இரண்டு திசையிலும் வேறு வேறு.

4140 எஃகு ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 12.3 மைக்ரான் விரியும். கிரேடு 5 டைட்டானியம் 8.6 மைக்ரான். மரையின் விட்டம் 16 மில்லிமீட்டர், இரண்டும் ஒரே மாதிரி 200 டிகிரி சூடேறுகின்றன என்று வைத்தால், குழலின் மரை பிரேக்கைவிட நூறில் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகப் பருக்கும். அதாவது குறுக்குவாட்டில் இறுகும். மரை இடைவெளியே அதைவிட அதிகம் என்பதால் ஒன்றும் ஆகாது.

நீளவாட்டில் கதை தலைகீழ். பிரேக் நிற்பது குழலின் தோளில், அதாவது மரை முடியும் இடத்தில் உள்ள படியில், இறுக்கி உட்கார்ந்திருப்பதால். சூடேறும்போது குழலின் மரைப்பகுதி பிரேக்கைவிட அதிகமாக நீள்கிறது, தோளில் இருந்த அழுத்தம் குறைகிறது. நீளும் பகுதி சில மில்லிமீட்டர்தான், வித்தியாசம் மூன்று மைக்ரான் அளவு. கேட்கச் சின்னதாகத் தெரியும். ஆனால் டார்க் ரெஞ்சால் இறுக்கும்போது அந்தப் பகுதி இழுபடுவதும் அதே சில மைக்ரான்தான். ஆகவே சூட்டில் வேகமாகச் சுடுகிறவர்களுக்கு 4140 குழலில் டைட்டானியம் தளர நியாயம் இருக்கிறது. 416ஆர் துருப்பிடிக்கா எஃகுக் குழல் 9.9 மைக்ரான்தான் விரியும், டைட்டானியத்துக்கு நெருக்கம். அங்கே இந்தக் கவலை மூன்றில் ஒன்றாகிவிடும்.

மலைநடைக்கு இரண்டு தோட்டா வேட்டையில் இது வராது. ஜீரோ செய்யும் நாளில், குழல் ஆறிய பிறகு ஒருமுறை இறுக்கம் பார்த்துக்கொண்டால் போதும். முதல் தடவை பொருத்தும்போது பிரேக்கிலும் குழலிலும் நேர்க்கோட்டில் பேனாவால் ஒரு கீற்று வைத்துவிடுங்கள். திரும்பினால் கண்ணுக்கே தெரியும்.

செவிநலம்:

நான் காது கேட்புத்துறையில் வேலை செய்கிறேன். இவ்வளவு பேசியும் சத்தத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே என்றுதான் வந்தேன்.

மேக்னம் ரைஃபிள் ஒன்றின் சத்தம் சுடுகிறவரின் காதில் 160 டெசிபலைத் தாண்டும். ஒற்றை வெடிச் சத்தத்துக்கு 140 டெசிபல்தான் எல்லை என்று வைத்திருக்கிறோம். மசில் பிரேக் போட்டால், முன்னால் போக வேண்டிய வெடிப்பு அலை பக்கவாட்டிலும் பின்னோக்கியும் திரும்புவதால், சுடுகிறவரின் காதுக்கு வருவது இன்னும் சில டெசிபல் கூடும். பக்கத்தில் தொலைநோக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நண்பருக்கு இதைவிட மோசம். டைட்டானியமோ எஃகோ, இதில் ஒரு மாற்றமும் இல்லை.

என்னிடம் வருகிற வேட்டைக்காரர்கள் பெரும்பாலும் ஒரே கதையைச் சொல்கிறார்கள்: பயிற்சியில் எப்போதும் காது மூடி போடுவேன், காட்டில் ஒரே ஒரு தோட்டாதானே என்று விட்டுவிட்டேன். அந்த ஒரு தோட்டாவுக்குப் பிறகு காதில் தொடங்கும் இரைச்சல் வாழ்நாள் முழுக்க நிற்காமல் போகலாம். உள்காதில் உள்ள நுண்மயிர்ச் செல்கள் போனால் திரும்ப முளைக்காது. அதற்கு மருந்தும் இல்லை.

மைதானத்தில் காதுக்குள் செருகியும் போடுங்கள், மேலே மூடியும் போடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டால் பாதுகாப்பு இரட்டிப்பாகாது, நல்லதான ஒன்றைவிட 5 டெசிபல் அளவுக்குத்தான் கூடும். பிரேக் உள்ள மேக்னத்துக்கு அந்த ஐந்தும் வேண்டும். மலையில் மின்னணுக் காது மூடியைக் கழுத்திலேயே மாட்டியிருங்கள். காலடிச் சத்தத்தைக் கேட்க விடும், வெடியை மட்டும் அடக்கும். தம்பி, 43 கிராம் மிச்சம் பிடிக்கிறீர்கள் அல்லவா? அந்த எடையை இதற்குக் கொடுங்கள்.

கால்கரி_மலைநடை:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விளக்கம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அக்கா சொன்னதை மனதில் வைத்துக்கொள்கிறேன், மின்னணு மூடி வாங்கப்போகிறேன்.

டைட்டானியம் பக்கம் சாய்கிறேன். இணையத்தில் தேடும்போது கடை விலையில் கால் பங்குக்கு 'டைட்டானியம்' என்று போட்டு விற்கிறார்கள். அதை நம்பலாமா? இன்னொன்று, என் துவக்கின் குழலில் மரை இல்லை. முனையின் விட்டம் 15.5 மில்லிமீட்டர். அதில் 5/8-24 மரை (5/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 சுற்று) போட முடியுமா?

கோவை_கடைசல்:

5/8 அங்குலம் என்றால் 15.88 மில்லிமீட்டர். உங்கள் குழலே அதைவிட மெல்லிசு, போட வாய்ப்பில்லை. 1/2-28 என்று யாராவது சொன்னால் .30 அங்குலக் குழலில் ஒத்துக்கொள்ளாதீர்கள். மரையின் அடிவிட்டத்திலிருந்து குண்டுத் துளையைக் கழித்தால் ஒரு பக்கச் சுவர் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் மிஞ்சும். மேக்னத்தின் வாயு அழுத்தத்துக்கு அது போதாது, முனை மணி போல விரிந்துவிடும் ஆபத்து உண்டு. 9/16-24 போட்டால் இரண்டரைக்கு மேல் சுவர் கிடைக்கும், உட்காரத் தோளும் கொஞ்சம் இருக்கும். மரையை வெளிவிட்டத்தை வைத்து மையப்படுத்தக் கூடாது. உள்துளையை வைத்து மையப்படுத்தும் துப்பாக்கிக் கம்மியரிடம் மட்டும் கொடுங்கள். பிரேக் துளைக்கும் குண்டுக்கும் நடுவே ஒரு பக்கத்துக்குக் கால் மில்லிமீட்டர்தான் இடைவெளி. மரை கோணலானால் குண்டு சுவரில் உரசும். மெல்லிய குழலில் இலேசான பிரேக் என்ற உங்கள் முடிவு இந்த வகையிலும் சரிதான்.

மலிவு விலைக்கு வருகிறேன். இரண்டு விதமாக ஏமாற்றலாம். ஒன்று, டைட்டானியமே இல்லாமல் அலுமினியத்திலோ எஃகிலோ செய்து சாயம் ஏற்றுவது. இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். காந்தச் சோதனை போதாது, காந்தம் ஒட்டாத எஃகும் உண்டு. ஒரு கிராம் வரை காட்டும் தராசில் பிரேக்கைக் காயவைத்து எடை போடுங்கள். அப்புறம் ஒரு குவளைத் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யம் செய்து, பிரேக்கை நூலில் கட்டி, அடியில் தொடாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். துளைகளில் காற்றுக் குமிழி நிற்கக் கூடாது. தராசு காட்டும் எண்தான் பிரேக்கின் கன அளவு. காய்ந்த எடை 62, தண்ணீரில் காட்டுவது 14 என்றால், வகுத்தால் 4.43. எஃகென்றால் எட்டை நெருங்கும், அலுமினியம் என்றால் 2.7.

இரண்டாவது ஏமாற்று இதில் பிடிபடாது. கலப்பில்லாத கிரேடு 2 டைட்டானியத்தின் அடர்த்தி 4.51, வீட்டுத் தராசில் கிரேடு 5-இலிருந்து பிரிக்க முடியாது. ஆனால் அதன் வலிமை மூன்றில் ஒரு பங்கு, மென்மையானது. முதல் சுவர் சீக்கிரம் அரித்துப்போகும். கிரேடு 5 என்பதற்கு ஆலைச் சான்றிதழ் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் வேண்டாம்.

மரையில் பூசும் பசை மிக முக்கியம். டைட்டானியமும் துருப்பிடிக்கா எஃகும் வெறும் மரையில் உரசினால் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். கையால் திருகும்போது வழுவழுப்பாகப் போய்க்கொண்டிருப்பது, திடீரென்று மணல் மாட்டியது போல நறநறக்கும். அந்த நொடியே நிறுத்திப் பின்னால் திருப்ப வேண்டும். இன்னும் ஒரு கால் சுற்று ரெஞ்சு போட்டால் பிரேக்கை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். மரையை நன்றாகத் துடைத்து, செம்பு அல்லது நிக்கல் கலந்த ஆன்ட்டி-சீஸ் பசையை மெல்லிசாகத் தடவிப் பொருத்துங்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது கழற்றித் துடைத்துப் புதிதாகப் பூசுங்கள். இல்லையென்றால் கரியே பசையாகிப் பிடித்துக்கொள்ளும்.

தெற்குத்தீவு:

மலைநடை, பொருத்திய பிறகு ஸ்கோப்பை மறுபடி ஜீரோ செய்ய மறக்க வேண்டாம். மெல்லிய குழலின் முனையில் எந்த எடை ஏறினாலும் குழல் அதிரும் விதம் மாறும், குண்டு விழும் இடமும் மாறும். சிலர் பயிற்சிக்குப் பிரேக், வேட்டைக்கு அதைக் கழற்றி மரைமூடி என்று வைத்துக்கொள்கிறார்கள், சத்தத்துக்காக. அப்படிச் செய்வதாக இருந்தால் இரண்டு நிலையிலும் சுட்டுப் பார்த்து, ஸ்கோப் திருகில் எத்தனை சொடுக்கு வித்தியாசம் என்று ஸ்கோப் மூடியில் எழுதி ஒட்டுங்கள்.

கால்கரி_மலைநடை:

கடைக்குப் போய் வந்தேன். மூன்று அறை கிரேடு 5 பிரேக், 9/16-24. சான்றிதழின் நகலைக் கேட்டதும் எடுத்துக் கொடுத்தார்கள். வீட்டில் தண்ணீர்ச் சோதனையும் செய்தேன்: 58 கிராம், தண்ணீரில் 13, வகுத்தால் 4.46. துவக்கு இப்போது கம்மியரிடம் இருக்கிறது. உள்துளையை வைத்தே மையப்படுத்துவதாகச் சொன்னார், குழல் 416ஆர் என்றும் உறுதி செய்தார். தெற்குத்தீவு அண்ணா சொன்னபடி மரைமூடி ஒன்றும் சேர்த்துச் செய்யச் சொல்லியிருக்கிறேன். திரும்பி வந்ததும் 100 மீட்டரில் இரண்டு நிலையிலும் சுட்டு, குண்டு விழுந்த இடங்களின் படத்தை இங்கே போடுகிறேன்.